காக்கையைத் தேடிப் போன சோறு

“இவ படிச்ச இங்கிலீஷு காக்காயக் கூட்டிட்டு வருமாக்கும்?”

அம்மாவின் அண்ணன், என் மாமா, இப்படிக் கேட்டபோது அம்மா சாப்பிட்டு இரண்டு நாளாகியிருந்தது. கள்ளச் சம்சு சாராயம் குடித்துக் குடித்தே செத்துப்போனான் என் அண்ணன். பதினாறாம் நாள் படையலைக் காக்கை தொடும்வரை தனக்கும் சோறு வேண்டாம் என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். தேக்கா பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் மைனாக்கள். மொத்தச் சோற்றையும் தின்றன. மைனா கணக்கில் சேராதாம்.

“அவனுக்குப் பிடிச்சத வைக்கல. அரை போத்தல் சம்சு வை, பறந்து வரும்லா” என்றார் மாமா.

“எம்புள்ளயக் கொன்னத நானே ஊத்திக் குடுக்கவா, அண்ணே?”

இந்த ஊரில் காக்கைகள் துறைமுகத்துப் பக்கம்தான் அதிகம், அவையும் நம்மைப்போலக் கப்பலில் வந்தவை என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தார். அதை நான் வீட்டில் சொன்னதற்குத்தான் மாமா அப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விடுவேனா? மறுபடி ஆக்கிய சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர், “எங்கக்கா, பிக்னிக்கா?” என்றார்.

“கருமாதி” என்றார் அம்மா.

“ஐயோ, யாருக்கு?”

“இவ மகனுக்கு. காய்ச்சல்” என்று மாமா முந்திக்கொண்டார். ஊருக்கெல்லாம் அவர் சொல்லி வைத்திருந்தது அதுதான்.

துறைமுகத்தில் இலை விரித்தோம். கப்பல் கூலிகள் வேலையை விட்டுப் பார்க்க, மாமா கைகளை விரித்து “கா, கா” என்று கத்தினார். பிறகு மடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து இலையோரம் வைத்தார். அம்மா அதைப் பிடுங்கிக் கடலில் கவிழ்த்தார்.

“மீனு செத்துடப் போகுதுலா!” என்று அலறினார் மாமா.

அப்போது ஒரு காக்கை இறங்கியது. இலையைச் சுற்றி நடந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரரின் பொட்டலத்திலிருந்து மீ கோரெங்கைக் கவ்வியது. அலகில் நூடுல்ஸ் தொங்கத் தொங்கப் பறந்துபோனது.

லாரிக்காரர் திட்டினார். மாமா தலையில் கைவைத்தார். அம்மா சிரித்தார்.

“எம்மவனேதான். வீட்டுல ஆக்கினத என்னைக்குத் தின்னான்?”

சிரிப்பு அழுகையாக மாறி வெகுநேரம் நீடித்தது. பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். உப்பு குறைவு.

திரும்பும்போதும் அதே கண்டக்டர். “காக்கா சாப்பிட்டுச்சாக்கா?”

“சாப்பிட்டுச்சு தம்பி. எம்மவன் காய்ச்சல்ல சாகல. குடிச்சுச் செத்தான்.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்ற வாரம் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு மனு எழுதினேன். குடும்பத்தில் இறந்தவர், காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. “காய்ச்சல்னு போடு” என்றார் மாமா. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கண்டக்டரிடம் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.