பெயர் போடாமல் வந்த காசு

1. பைலாக வந்தது

“டீச்சரே, பைசா வந்துதா?”

ஸ்டெல்லா படியேறி வந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. நான் மானிட்டரைக் காட்டி, “வந்தாச்சு, இந்தா இருக்கு” என்றேன். அவள் திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விஷயத்தில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், கேரள எல்லையோரத்துப் பாறசாலையில், ஸ்டேஷன் ரோட்டில், ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினேன். பிள்ளைகளுக்கு டாஸும் வேர்ட்ஸ்டாரும் சொல்லிக்கொடுப்பேன். கல்யாண அழைப்பிதழுக்கு டிடிபி செய்வேன். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இமெயில் அனுப்பிக் கொடுப்பேன். இன்டர்நெட் என்றால் மோடம் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு டயல் செய்ய வேண்டும். கிடைத்தால் கிடைத்தது, அதுவும் பாதியில் அறுந்து போகும். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. அந்த மோடத்தை நான் திட்டாத நாள் இல்லை.

ஸ்டெல்லா கடற்கரைப் பக்கம் பூவார்க்காரி. அவள் புருஷன் ஏசுதாசன் ஐரோப்பாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஏஜெண்டு கொடுத்த விசா போலி. அதனால் அங்கே பாங்க் கணக்கு தொடங்க வழியில்லை. ஊருக்கு வந்தால் திரும்பிப் போகவும் வழியில்லை. குழல்பணக்காரர்கள், அதாவது ஹவாலாக்காரர்கள், மூலம் ஒருமுறை அனுப்பினான், பாதியை அவர்களே தின்றுவிட்டார்கள்.

மகள் ஷீபாவுக்கு இருதயத்தில் ஓட்டை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் ஒரு சனிக்கிழமை ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருந்தார்கள். இனியும் தள்ளிப்போட்டால் நுரையீரல் கெட்டுவிடும், அப்புறம் ஆபரேஷனே செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பணம் கட்டினால்தான் தேதி நிற்கும்.

ஏசுதாசனோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பையன் அவனுக்கு வழி காட்டினான். அங்கே ஒரு பாங்க் புதிதாக டிஜிட்டல் காசு விட்டிருந்தது. கணக்கிலிருந்து எடுத்தால் காசு கம்ப்யூட்டரில் ஒரு பைலாக வந்துவிடும். ஒவ்வொரு காசுக்கும் நீளமாக ஒரு நம்பர், அதன்மேல் பாங்க்கின் கையெழுத்து. பைலை மெயிலில் அனுப்பலாம். வாங்கியவர் அதை பாங்க்குக்கு அனுப்பினால், பாங்க் நம்பரைச் சரிபார்த்து அவர் கணக்கில் வரவு வைத்துவிடும். ஏசுதாசன் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அந்தப் பையன் தன் கணக்கில் போட்டு, பைலாக எடுத்து, என் விலாசத்துக்கு அனுப்பியிருந்தான்.

அதை ரூபாயாக்கித் தர ஆள் இருந்தது. எனக்கு மோடம் விற்ற திருவனந்தபுரத்து என்ஜினீயர் சாருக்கு அந்த பாங்க்கில் கணக்கு உண்டு. ஆனால் அவர் பெங்களூர் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். அவருடைய கணக்குப் பெயர் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் பெயரைப் போடாமலே அனுப்பிவிட்டார்கள். பெயர் போடாத காசு யார் முதலில் பாங்க்கிடம் நீட்டுகிறார்களோ அவர்களுக்குப் போகும்.

2. மரியதாசன்

மறுநாள் ஏசுதாசனின் அண்ணன் மரியதாசன் வந்தார். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற மனிதர், நல்ல உயரம். ஷீபாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அவளால் நான்கு படிக்குமேல் ஏற முடியாது, உதடு நீலமாகிவிடும்.

பெஞ்சில் இறக்கிவிட்டதும் அவள் சொன்னாள்: “டீச்சரே, ஓட்ட எனக்காக்கும். மூச்சு வாங்குகது பெரியப்பனுக்கு.”

“ஏட்டி, வாயப் பாரு இதுக்கு!” என்று அவர் அவள் தலையில் மெல்லத் தட்டினார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

பிறகு என் பக்கம் திரும்பினார். “டீச்சர் கோவிக்காண்டாம். இது உள்ள பைசாதானா?”

“உள்ளதுதான், கள்ளப் பைசா இல்ல.”

“அத எப்பிடி அறியும்?”

“பாங்க்குதான் சொல்லணும். பாங்க்குகிட்ட கேட்டா அதோட காசு செலவாயிரும். ஒருக்கதான் கேக்கலாம். அதனால சார் வாற வரைக்கும் ஒரு மெஷினிலயும் போடப்பிடாது.”

தலையாட்டினார். அந்த விசா ஏஜெண்டிடம் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவர் இவர்தான். கட்டிய பணமும் இவர் வள்ளத்தை அடகு வைத்து எடுத்தது. ஒரு வார்த்தை விசாரிக்காமல் தம்பியைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான் என்று குடும்பமே அவரைப் பேசியிருக்கிறது. அதன் பிறகு யார் எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

“உங்க மெஷின் கேடாயிப் பெய்ட்டா?” என்றார்.

நியாயமான கேள்வி. அப்போது வைரஸ் அடித்து வாரம் ஒரு மெஷின் படுக்கும். பிளாப்பியில் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தேன். “காப்பி எத்தன எடுத்தாலும் காசு ஒண்ணுதான் அண்ணா” என்றும் சொன்னேன். பிளாப்பியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

3. வியாழக்கிழமை

ஸ்டெல்லாவும் மரியதாசனும் நானும் பஸ்ஸில் திருவனந்தபுரத்துக்குச் சாரின் வீட்டுக்குப் போனோம். நான் இன்னொரு காப்பி எடுத்துப் போயிருந்த பிளாப்பியைச் சார் போட்டார், பாங்க்குக்கு டயல் செய்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்தக் காசு முன்னாலேயே டெபாசிட் ஆயிடுச்சு மேடம்.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பைல் இருந்தது என் மெஷினில், வேறு யாரைப் பார்ப்பாள்? எனக்கு வந்ததே கோபம். “என்னையா பாக்கிய? சொல்லு, என்னையா?” என்று சாரின் வீடு என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

மரியதாசன் தன் பிளாப்பியை எடுத்து நீட்டினார். “சாரே, இதப் போட்டுப் பாருங்க.”

போட்டார். அதே வரி.

“பைல் இருக்குல்லா?”

“இருக்கு.”

“ஏதும் குறைஞ்சிருக்கா?”

“இல்ல. அப்படியேதான் இருக்கு.”

“பின்ன என்ன சாரே போச்சு?”

அவரே மெதுவாக என் பக்கம் திரும்பினார். “நான் செலவாக்கேல்ல டீச்சரே. ஒண்ணு நோக்கத்தான் கொடுத்தேன்.”

எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. வெளிநாட்டுக் காசெல்லாம் அங்கே மாற்றித் தருவான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவர் போய், இது உள்ள பைசாவா என்று பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறார். அவன் பிளாப்பியை வாங்கிப் போட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, “இதில ஒண்ணும் இல்ல மாமா, வெறும் பைலாக்கும்” என்று திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

“டீச்சர் எங்கள ஏமாத்தியாச்சுன்னு நெனச்சேன். இங்க வந்து சாருக்க முன்னால வச்சுக் கேக்கலாம்னு இருந்தேன்” என்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

ஸ்டெல்லா ஒன்றுதான் கேட்டாள்: “அப்போ சனியாழ்ச்சை ஆபரேஷன்?”

மறுநாளே அந்தக் கடைக்குப் போனோம். அவன் மெஷினில் அதே பாங்க்கின் புரோகிராம் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். “கொண்டு வந்தாரு, ஒண்ணுமில்லேன்னேன், போயிட்டாரு” என்பதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை. பாவி.

கேரளப் போலீஸ், அது தமிழ்நாட்டு விவகாரம் என்றது. தமிழ்நாட்டு ஸ்டேஷனில் எழுத்தர், திருட்டுப் போனது என்ன என்று கேட்டார். பைல் என்றேன். அது எங்கே என்றார். என் கையில் இருந்த பிளாப்பியைக் காட்டினேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

பாங்க்குக்கும் எழுதினேன். பெயர் போடாத காசு முதலில் நீட்டியவருக்கே சேரும், அவர் யார் என்பதை வெளியிடுவதில்லை என்று இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது.

சனிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொரு குழந்தை படுத்தது.

4. மெயில்

ஏசுதாசனுக்கு எழுத வேண்டுமே. ஸ்டெல்லா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். “பாங்க்குக்க கோளாறு, பைசா போச்சுன்னு எழுதுங்க.”

“எதுக்குப் பொய்?”

“அண்ணன் செஞ்சதுன்னு அறிஞ்சா ரெண்டுபேரும் பெறவு முகத்துக்கு முகம் பாக்கமாட்டாவ. பைசாதான் போச்சு, இதும் போணுமா?”

எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் எழுதினேன். பதில் வந்த அன்று மரியதாசனும் கூட வந்திருந்தார். நான்தான் படித்துக் காட்ட வேண்டும். பாதியில் இருந்த வரியை முன்னாலேயே பார்த்திருந்தால் விழுங்கியிருப்பேன். சத்தமாகப் படித்த பிறகுதான் உறைத்தது. “அண்ணனிடம் சொல்லி முதலில் ஒருமுறை நோக்கிப் பார்த்திருக்கக் கூடாதா?” என்று எழுதியிருந்தான். மரியதாசன் எழுந்து படியில் போய் நின்றார்.

அடகில் இருந்த வள்ளத்தை அவர் கடன் போக மிச்சத்துக்கு விற்றார். ஸ்டெல்லா காதில் கழுத்தில் கிடந்ததை விற்றாள். பங்குக் கோயிலிலும் வசூல் செய்தார்கள். பணம் சேர்ந்து மறு தேதி வாங்குவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, நுரையீரலில் பிரஷர் ஏறிவிட்டது, இனி திறந்தால் மேஜையிலேயே போய்விடும் என்று கையை விரித்தார். வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஷீபா செத்துப்போனாள். மரியதாசன்தான் தூக்கிக்கொண்டு போனார். பெட்டி சிறியது, வேறு யாரையும் அவர் தொடவிடவில்லை.

அப்பனால் வர முடியவில்லை. அவனுடைய மெயில்தான் வந்தது. குறுக்கு வழியில் பணம் அனுப்பி நானே என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று அதையே திரும்பத் திரும்ப எழுதியிருந்தான். பூவாருக்குப் போய் வாசித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரத்தில் மரியதாசன் தனியாக வந்தார். “டீச்சரே, தம்பிக்கு ஒரு மெயில் போடணும். நான் சொல்லுகத அப்பிடியே எழுதணும்.”

தட்டினேன். “உனக்க பைசாவ பாங்க்கு முழுங்கேல்ல. நம்பாம நானாக்கும் கொண்டுபெய் நோக்கினேன். அதிலதான் போச்சு. பிள்ள போனதுக்கு நீ காரணமில்ல. நானாக்கும்.”

“அண்ணா, வேண்டாம். நடந்தது நடந்தாச்சு. இனி இத அறிஞ்சு அவனுக்கு என்ன?” என்றேன்.

“அவன் அங்க ஒத்தைக்குக் கிடந்து தன்னையே குத்திக்கிட்டு இருக்கான் டீச்சரே. அதுக்குப் பதிலா என்னைய வெறுக்கட்டு, அது கொள்ளாம்.” திரையைக் காட்டிக் கேட்டார்: “அனுப்பினா பெறவு திருப்பி எடுக்க ஒக்குமா?”

“ஒக்காது.”

“செரி. எங்க அமுக்கணும்?”

மவுசை அவர் கையில் கொடுத்தேன். முதல் தடவை லைன் அறுந்துவிட்டது. நான் மறுபடி டயல் செய்து லைன் கிடைக்கும்வரை அவர் மவுசிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை போய்விட்டது.

அதற்கு ஏசுதாசனிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு வருஷம், மாதத்துக்கு ஒருமுறை மரியதாசன் படியேறி வந்து கேட்டுவிட்டுப் போனார். ஸ்டெல்லாவுக்கு வந்த மெயில்களிலும் அண்ணனைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இப்போதும் என்னிடம் பாஸ்வேர்ட், பேக்கப், என்கிரிப்ஷன் என்று கேட்கிறார்கள். எல்லாம் வேண்டியதுதான், படியுங்கள். அதோடு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஏமாந்து பயந்துபோன மனிதன் உங்களிடம் வந்து, இது உள்ளதுதானா என்று கேட்டால், விளக்கம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் விளக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அவன் வேறொரு வாசலில் போய் அதையே கேட்பான். கடையைப் பூட்டிவிட்டு அவன் கூடவே போங்கள்.