என் மெயிலைப் படித்த இன்னொரு போன்

ஆபீஸ் கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப், போன் மூன்றிலும் என் மெயிலும் ஃபைல்களும் ஒன்றுபோல வரும்படி இரண்டு வருடத்துக்கு முன்பு செய்து கொடுத்தவன் பிரபு. எங்கள் பனியன் கம்பெனியில் எனக்குப் பக்கத்து சீட்டு. அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

இன்று காலை முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்கம்மிணி, வேற கம்பெனிக்கு இன்டர்வியூ போறீங்களாமா?"

வீட்டில்கூட நான் இன்னும் சொல்லவில்லை. அந்த இன்டர்வியூ அழைப்பு என் மெயிலில் மட்டும்தான் இருந்தது.

சீட்டுக்கு வந்து, என் மெயில் எதிலெல்லாம் திறந்திருக்கிறது என்று செட்டிங்ஸில் பார்த்தேன். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன. நான்காவது, பிரபுவின் போன்.

அதை அவனிடம் காட்டினேன்.

"நீங்க லீவுல இருக்கறப்ப ஆர்டர் குடுக்கற பையர் மெயிலு எதுவும் தவறிடக் கூடாதுன்னு போட்டு வெச்சதுங்க அக்கா."

"சரி கண்ணு. முதலாளிகிட்டச் சொன்னது எந்த பையருக்காக?"

சாம்பிள் டி-ஷர்ட் ஒன்றை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது அவன் வீட்டாரோடு நானும் போயிருந்தேன்.

பாஸ்வேர்டை மாற்றி, அவன் போனை நீக்கிவிட்டேன். இப்போது ஆபீஸ் கம்ப்யூட்டரில் எனக்கே மெயில் வரவில்லை. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். கேட்க மாட்டேன்.

தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லிக் கொடுங்கள். போனை மட்டும் கையில் கேட்காதீர்கள்.