மாமாவின் மினுங்கல் கோட்டு

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாமாவின் பாட்டு நிகழ்ச்சி இருந்தது.
2. அவருடைய மினுங்கல் கோட்டை உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குள் ஒளித்தேன்.
3. அது இல்லாமலே அவர் மேடையேறினார்.
4. ஒருவரும் சிரிக்கவில்லை.

நாலாவதுதான் நான் விரும்பியது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா, அம்மாவின் தம்பி, கிழமை நாட்களில் மீன் தொழிற்சாலைக்குப் போவார். வார இறுதிகளில் பழைய ஜெர்மன் காதல் பாட்டுக்கள் பாடுவார். நிலவு, கடற்கரை, திரும்பி வராத காதலி என்று சீனிப்பாகு சொட்டும் பாட்டுக்கள். அந்த ரோஸ் நிற மினுங்கல் கோட்டோடு நெஞ்சில் கைவைத்து அவர் கண்ணைச் செருகினால், டேனிஷ் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அதில் என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் இருப்பார்கள்.

அன்று சில்க்போர்க் நகரிலிருந்து ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் மாமாவின் பாட்டைக் கேட்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் மாமா மீன் வேலையை விட்டுவிடலாம்.

"இஞ்சாருங்கோ, கோட்டு என்ன பறந்தே போச்சு? வடிவாத் தேடுங்கோவன்," என்றார் மாமி.

"அவ்வளவு மினுக்கத்தோட அது எங்க பறக்கிறது!" மாமா என்னிடம் திரும்பினார். "நீ கண்டனியே, குஞ்சு?"

இல்லையென்று டேனிஷில் சொன்னேன். பொய்க்கு அந்த மொழி வசதியாக இருந்தது.

கலியாண வீடுகளுக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு பாடினார். கண்ணைச் செருகவில்லை. சிரிக்க வாயெடுத்த சிலர் அக்கம்பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பிறகு கோப்பிக் கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் ஏற்பாட்டாளர் போய்விட்டார்.

திரும்பும்போது காரில் பெருமையாகச் சொன்னேன்: "இண்டைக்கு ஒருத்தரும் உங்களைப் பாத்துச் சிரிக்கேல்லை, மாமா."

"ஓம், குஞ்சு. ஒருத்தரும் கேக்கவுமில்லை."

டென்மார்க்குக்கு வருமுன் மாமா அகதியாக ஜெர்மனியில் இருந்த இரண்டு வருஷத்தில், முகாம் சமையலறை ரேடியோவில் கேட்டு அவருக்கு முதன்முதல் விளங்கிய ஜெர்மன் அந்தப் பாட்டுக்கள்தான். அவற்றில் ஒரு சொல்லைக்கூட அவர் பகிடியாக நினைத்ததில்லை. பகிடிபோல் தொடங்கினால் சனம் கூச்சமில்லாமல் கேட்கும் என்பது அவர் கண்டுபிடித்த வழி. மூன்றாம் பாட்டில் சிரிப்பு ஓய்ந்து, சிலர் கூடவே முணுமுணுப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். பார்த்தது என்னவென்றுதான் அப்போது தெரியவில்லை.

சில்க்போர்க்கிலிருந்து மாமாவுக்கு அழைப்பு வர இன்னும் ஆறு வருஷம் சென்றது. இப்போது பாட்டு மட்டும்தான் மாமாவின் வேலை. ஒலியமைப்பு என் பொறுப்பு. கோட்டை மாமி அந்த நிகழ்ச்சிக்கு மறுநாளே மெசினுக்குள் கண்டெடுத்தார். அதைப்பற்றி மாமா இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.