அதாவுல்லாவின் நூறு மீற்றர்

நான்காவதாக வருவதற்கு ஒரு மனிதர் ஒன்பது வருடம் பயிற்சி எடுப்பாரா? சாய்ந்தமருதுக் கடற்கரையில், விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிகிறார் அதாவுல்லா. வாயாலேயே "டப்" என்று வெடி வைத்துக்கொண்டு இருபது எட்டுப் பாய்கிறார். நிற்கிறார். நடந்து திரும்பி வந்து மறுபடியும் குனிகிறார். அண்ணன் என்ற முறையில் அவரைக் "காக்கா" என்று கூப்பிடும் வலை இழுப்பவர்கள், அவரைச் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள்.

வயது நாற்பத்தொன்பது. தொழில், படகு இஞ்சின் திருத்துவது. கை வைக்குமுன் காது வைப்பார். "இது ஆழ்கடலுக்குப் போற இஞ்சின் தம்பி, கரையில வெச்சி உறுமவிட்டு உறுக்காத" என்று படகுக்காரரைக் கண்டிப்பார். இஞ்சின்களைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மனிதர்களைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. எங்கள் ஊர்களில் குடி, அதாவது வம்சம், தாய்வழியாக வரும்; வேகமும் அப்படித்தான் வரும் என்பார். அவருடைய உம்மாவின் சகோதரர்கள் மூவரும் ஓட்டத்தில் பேர்போனவர்கள். ஹஜ்ஜுப் பெருநாள் விளையாட்டு விழாவில், நாற்பது வயதைத் தாண்டியவர்களின் நூறு மீற்றருக்குக் குடிக்கு ஒருவர்தான் ஓடலாம். மாமாமாருக்குப் பிறகு அந்த இடம் அவருக்கு வந்தது. ஒன்பது பெருநாளும் நான்காவது.

"மூணு பேருக்குத்தான் கிண்ணம் குடுக்கானுகள். அது அவனுகட பிழை."

இந்த வருடம் குடியின் தலைவரான மரைக்காயர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டார்: "இந்த முறையும் நாலெண்டா, அடுத்த வருசம் முர்ஷித ஓட விடுவம் மச்சான்." முர்ஷித், அதே குடியில் புதிதாக நாற்பதைத் தொட்ட பேக்கரிக்காரர்.

அந்த வாரம்தான் தங்கையின் மகள் அஸ்பியா வந்தாள். பல்கலைக்கழக ஆய்வுக்காக மாமாவின் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்துப்போனவள் அவள். முடிவை இஞ்சின் கொட்டகையில் வைத்து வாசித்தாள்.

"மாமா, வேகமா ஓடுறவங்கட தசையில ஒரு புரதம் இரிக்கும். அதச் செய்யிற மரபணு உங்களுக்கு வேல செய்யல்ல."

"வாப்பாட பக்கத்தால வந்திரிக்கும். அவர் பஸ்ஸப் புடிக்கவும் ஓடமாட்டார்."

"அது ரெண்டு பிரதி மாமா. வாப்பாட்ட ஒண்டு, உம்மாட்ட ஒண்டு. உங்களுக்கு ரெண்டும் வேல செய்யல்ல."

அதாவுல்லா கையிலிருந்த நட்டுத் திருகும் சாவியைக் கீழே வைத்தார். "உம்மாடதுமா?"

"உம்மாட்ட நல்லதும் ஒண்டு இரிந்திரிக்கும். உங்களுக்கு மத்தது வந்திட்டு."

"குடி மாறாதே புள்ள."

"குடி மாறா. இது சீட்டுக் குலுக்குற மாதிரி." அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "இத மட்டும் வெச்சி ஒருவர்ர ஓட்டத்தக் கணிக்க ஏலா. ஆனா நீங்க மூணு கிலோமீற்றருக்குப் பேர் குடுத்துப் பாருங்களன். உங்கட மூச்சுக்கு முதலாவதா வருவீங்க."

தேநீர் கொண்டுவந்த மனைவி முஸ்பிறா சிரித்தார். "ஆழ்கடல் இஞ்சின ஒம்பது வருசமாக் கரையில உறுக்கி இரிக்கார் மனிசன்."

ஒருவரைப் பற்றிய உண்மை அவர் எச்சிலில் இருக்கிறதா, பிடிவாதத்தில் இருக்கிறதா என்று, கொட்டகையில் கூட இருந்த நான் யோசித்தேன். இரண்டிலும் முழுதாக இல்லை என்றே பட்டது. ஒருவருக்கு ஒரு போட்டிதான் என்பது விழாவின் விதி. அதாவுல்லா நூறு மீற்றருக்கே பேர் கொடுத்தார்.

பெருநாளுக்கு மறுநாள் கடற்கரைத் திடலில் ஓடினார். பாய்ச்சல் நன்றாகத்தான் இருந்தது. அறுபதாவது மீற்றரில் ஒருவர் தாண்டினார்; பிறகு இருவர். நான்காவது.

முடிவுக் கோட்டைக் கடந்தவர் மணலில் உட்கார்ந்து முள்ளுச் சப்பாத்தைக் கழற்றினார். ஒன்றோடொன்று அடித்து மண்ணைத் தட்டி, கயிற்றோரம் நின்ற முர்ஷிதின் கையில் கொடுத்தார்.

"இது எனக்குப் பெரிசு காக்கா" என்றார் முர்ஷித்.

ஒலிபெருக்கி மூன்று கிலோமீற்றர் ஓடுபவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுத்து ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை அவர் யாருக்கும் சொன்னதில்லை. எழுந்தார். கயிற்றுக்கு அடியால் குனிந்து வெளியே வந்தார். யாரும் நேரம் பார்க்காத ஈர மணலில், வெறுங்காலோடு, அடுத்த ஊரான மாளிகைக்காட்டுப் பக்கம் நிதானமாக ஓடத் தொடங்கினார்.