கையெழுத்துக்கு முன் கவ்வாத்து

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் வீதிக்குக் கீழே என் அக்காவுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்தைக் காலையில் பறித்தால் அன்றைக்கே விற்றாக வேண்டும். சாக்கில் இரவு தங்கினால் சூடேறிச் சிவந்துவிடும். பிறகு யாரும் வாங்க மாட்டார்கள்.

முன்பு அந்த வீதிக்கு மூன்று தொழிற்சாலைகளின் லொறிகள் வந்தன. ஒரு லொறிக்காரர் ஈரம் என்று சொல்லி நிறையை அதிகம் வெட்டினால், அக்கா சாக்கைத் தராசிலிருந்து இறக்கிவிடுவார். "அடுத்த லொறிக்குக் குடுத்துக்குறேன்." பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்திலேயே வெட்டு குறைந்துவிடும்.

போன வருடம் மூன்று தொழிற்சாலைகளையும் ஒரே கம்பனி வாங்கியது. லொறிகளில் பழைய பெயர்களும் நிறங்களும் அப்படியே இருந்தன. அதனால் ஒரு புதன்கிழமை அக்கா பழக்கத்தில் நீல லொறியின் தராசிலிருந்து சாக்கை இறக்கினார். நான் அப்போது பக்கத்தில் நின்றேன்.

நிறுப்பவர் சிரித்தார். "வைங்கக்கா, வைங்க. பச்சை லொறி அஞ்சு மணிக்கு வருதுங்க."

பச்சை லொறி வந்தது. இறங்கியவர் சாக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீல லொறில வெட்டுனதுக்கு மேல ரெண்டு கிலோ வெட்டச் சொல்லிருக்காங்க. போன் வந்துச்சு."

"சட்டைய மாத்திக்கிட்டு வந்தா வேற ஆளா தம்பி நீ?" என்றார் அக்கா. அவர் தராசை நீட்டினார். அக்கா கொழுந்தைக் கொடுத்தார்.

அந்த வாரமே நான், மூன்று லொறியும் ஒரே கம்பனிதான் என்று, கொழும்பில் கொழுந்துக் கொள்வனவைக் கண்காணிக்கும் அரச அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். பல வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன் என்பதால் சுலபமான வேலை என்று நினைத்தேன். தொலைபேசியில் பேசிய அதிகாரி சிங்களத்தில் மரியாதையாகவே இரண்டு விஷயங்கள் சொன்னார். பதிவின்படி உங்கள் பகுதியில் மூன்று கொள்வனவாளர்கள் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் பெயரும் கையெழுத்தும் இல்லாமல் விசாரிக்க முடியாது.

தேயிலை இல்லாத என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அந்த வீதியில் பதினொரு வீடுகளுக்குப் போனேன். எல்லோரும் தேத்தண்ணி கொடுத்தார்கள், கையெழுத்துக் கொடுக்கவில்லை. "போட்டா மறுநாள் லொறி நிக்காதுங்களே" என்றார் ஒருவர்.

அக்கா முறைப்பாட்டை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "கொழுந்து இல்லாத மாசம் இருந்தா போட்டுருவேன்" என்றார். தேயிலையில் அப்படி ஒரு மாதம் கிடையாது, கவ்வாத்து வெட்டினால் தவிர. செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் பறிக்க எதுவும் இருக்காது. அவருடைய செடிகளுக்கு அடுத்த கவ்வாத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

பத்து நாளில் முக்கால் ஏக்கரையும் அவரே வெட்டினார்.

நீல லொறி நின்றது. "என்னக்கா, இப்பவே கவ்வாத்தா?"

"மரம் களைச்சுப் போச்சு தம்பி."

மறுநாள் கையெழுத்துப் போட்டார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போனார். நான் வாரம் ஒருமுறை கொழும்புக்குப் பேசினேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

பதினோராவது வாரம் கடிதம் வந்தது. முறைப்பாட்டாளரின் பெயருடன் கூடிய பிரதி, விளக்கம் கோரி மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பப்பட்டுள்ளது. பதில் கிடைத்த பின் விசாரணைத் திகதி அறிவிக்கப்படும். அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். பெயர் போயிருக்கிறது என்ற இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார்.

நாங்கள் செடிகளுக்கு நடுவில் நின்றிருந்தோம். வெட்டிய கிளைகளில் எல்லாம் இளம் துளிர்கள் விரல் நீளத்துக்கு வந்திருந்தன. நல்ல மழை பெய்திருந்தது. மேலே வீதியில் லொறி ஒன்று வேகம் குறைத்து, நிற்காமல் போனது.

"இன்னும் மூணு வாரத்துல பறிக்கணும்" என்றார் அக்கா. "அதுக்குள்ள திகதி குடுப்பாங்களா?"

தெரியாது என்றேன். அவர் குனிந்து, கத்தி எங்கே வைத்தோம் என்று தேடுவதுபோல் செடியடியில் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "திரும்ப வெட்டுனா மரம் செத்துரும்" என்றார்.