அத்தை ஒளித்துவைத்த ரோஸ் காகிதம்

“சார் இல்லாதப்போ வீட்டுல வேற யாராவது சாவி போட்டாங்களா, மேடம்?”

பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் பிரேக்டவுன் கம்பெனியின் பெண் போனில் இப்படிக் கேட்டார். மாமா எதிரே நின்றுகொண்டு, இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினார். சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்பீக்கரில் அந்தக் கேள்வி வந்ததும், அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது. அதை நான் பார்த்துவிட்டேன். “கேட்டுச் சொல்றேங்க” என்று வைத்துவிட்டேன்.

அத்தையின் பெயர் கொளஞ்சியம்மாள். பிறந்தது மங்கலம்பேட்டை. என் மாமா வைத்திலிங்கத்தைக் கட்டிக்கொண்டு கடலூர் முதுநகருக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு உப்பு என்று கையை மூடித் திறந்தே அளந்துவிடுவார். ஆனால் வீட்டில் எது கெட்டாலும் தன்னால்தான் கெட்டது என்று நினைப்பார். தெருவுக்கே கரண்ட் போனாலும், “நான் இப்பதான் மிக்சி போட்டேன்” என்பார். மாமா சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் காட்டுமன்னார்கோயில்காரி. பிளஸ் டூ முடித்ததும் கம்ப்யூட்டர் வகுப்புக்காக மாமா வீட்டில் வந்து தங்கினேன். என் பெயர் இலக்கியா. என்னைப் பற்றி இது போதும்.

மாமாவிடம் ஒரு பழைய டீசல் கார். ஜங்ஷன் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் போட்டு ஓட்டுகிறார். கார்த்திகை மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. வண்டியைத் தெருக்கோடி மதில் ஓரம் மேடு பார்த்து நிறுத்தியும் பயனில்லை. பானட் வரைக்கும் தண்ணீர். மறுநாள் வடிந்ததும் மாமா போய்ப் பார்த்தார், சாவியைத் தொடவே இல்லை.

“எஞ்சினுக்குள்ள தண்ணி இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணா உள்ள ராடு வளைஞ்சிடும். தொடாம இருந்தா தண்ணிய எடுத்துட்டு ஆயில் மாத்தி ஓட்டலாம். தொட்டா எஞ்சின் காலி” என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். பிறகு பிரேக்டவுன் கம்பெனிக்குப் போன் செய்து, வண்டியில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பதிவு செய்தார். மழையால் வேலை ஜாஸ்தி, ஒரு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த ஒரு நாள் அமாவாசையாக இருந்தது. மாமா வேறொருவர் காருக்கு ஆக்டிங் டிரைவராக விடியற்காலையிலேயே புதுச்சேரி போய்விட்டார். நான் எட்டு மணிக்கு வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் திரும்பியபோது மதில் ஓரத்தில் கார் இல்லை. “வண்டிக்காரங்க வந்து சிதம்பரத்துல அவங்க ஷெட்டுக்கு ஏத்திகினு போய்ட்டாங்க” என்றார் அத்தை.

“ஏதாவது பேப்பர் குடுத்தாங்களா?” என்று வந்ததும் மாமா கேட்டார்.

“ஒண்ணும் குடுக்கல.”

நாலாவது நாள் சிதம்பரத்தில் இருந்து ரிப்போர்ட் வந்தது. தண்ணீர் இருந்தபோதே எஞ்சினை ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், ராடு வளைந்துவிட்டது, வாடிக்கையாளர் வீட்டார் செய்த தவறு, கம்பெனி பொறுப்பல்ல. கூடவே ஒரு போட்டோ. வண்டியை ஏற்றும் முன் அவர்கள் ஆள் எடுத்தது. பானட்டில் குங்குமம், தரையில் கற்பூரம் எரிந்த கறுப்பு, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம்.

மாமா போட்டோவை ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஏண்டி, ராத்திரி பூரா தண்ணியில குளிச்ச வண்டிக்கு எலுமிச்சம்பழம் ஒரு கேடா?”

“அமாவாசைங்க. மாசாமாசம் போடறதுதான.”

“போட்டா ஸ்டார்ட் பண்ணி ஏத்தணுமே. யாரு ஏத்துனா?”

“யாரும் ஏத்தல.”

“சாமி வந்து ஏத்திட்டுப் போச்சா?”

மாமா சுவர் ஆணியில் மாட்டியிருந்த மாற்றுச்சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டி சிதம்பரத்தில் கிடக்கிறது. இங்கே அந்தச் சாவியால் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வாரம், மாமா கம்பெனியோடு போனில் சண்டை போட்டார், வீட்டில் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

நான் கம்பெனிக்கு மெயில் எழுதினேன். போட்டோவில் பழங்கள் நசுங்காமல் முழுசாக இருக்கின்றன, அதனால் வண்டி நகரவில்லை என்று எழுதினேன். நகர்த்தாமலும் ஸ்டார்ட் செய்யலாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நானே அத்தையைச் சந்தேகப்பட்டேன். அவர் தூங்கும்போது முகத்தைப் பார்த்திருக்கிறேன். போன் அடித்தாலே கொல்லைப்பக்கம் போய்விடுவார். தப்பு செய்யாதவர் ஏன் போக வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை துவரம்பருப்பு எடுக்க அலமாரியில் கை விட்டேன். டப்பாவுக்கு அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே நாலாக மடித்த ரோஸ் நிறக் காகிதம் இருந்தது. வண்டியில் என்ன வேலை செய்தார்கள் என்று கம்பெனி எழுதித் தரும் ஜாப் ஷீட். அடியில் அத்தையின் கையெழுத்து.

“இன்னா அத்தை இது? ஒண்ணும் குடுக்கலைன்னு சொன்னீங்க.”

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். “உங்க மாமாகிட்ட சொல்லிடாத.”

“சாவி போட்டீங்களா?”

“ஸ்டார்ட் பண்ண சாவி நான் போடல இலக்கியா. பூஜை பண்றப்ப வண்டிக்கு லைட்டு எரியணும்ல. உங்க மாமா எப்பவும் எரிய வுடுவாரு. சாவி இல்லாமலே அது எரியும். சாவிய வச்சு கதவத் தொறந்து, ஹெட்லைட்ட மட்டும் திருகுனேன். பழம் இருக்கட்டும், வண்டி வெளிய போறப்ப தானா நசுங்கட்டும்னு வுட்டுட்டேன். ஸ்கூலுக்கு நேரமாச்சு. லைட்ட அணைக்க மறந்துட்டேன். மூணு மணிக்கு ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் பாத்தா, மின்மினிப்பூச்சி மாதிரி இருந்துச்சு. வண்டிய ஏத்த வந்த தம்பி, பேட்டரி செத்துப்போச்சுக்கான்னாரு. அத இந்த பேப்பர்ல எழுதிட்டாரு. என்னாலதான் வண்டி போச்சுன்னு இருக்குமேன்னு…”

காகிதத்தைப் பார்த்தேன். பேட்டரி டெட் என்ற கட்டத்தில் ஒரு டிக். அதற்கு அடுத்த கட்டத்தில் இன்னொரு டிக். ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கப்பட்டது, அதாவது வெளி பேட்டரியின் கரண்ட்டில் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

“அத்தை, அவரு வெளியிலேர்ந்து ஒயர் ஏதாவது மாட்டுனாரா?”

“ஒரு பொட்டியிலேர்ந்து மாட்டுனாரு. சாவி கேட்டாரு, குடுத்தேன். கடக்குன்னு ஒரு சத்தம். உரல்ல கல்லு உழுந்த மாதிரி. ஒரே தடவதான். நான் லைட்ட எரிய வுட்டதால அப்படி ஆச்சுன்னு நெனச்சேன்.”

ஒரு வாரமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த சாட்சி, எங்கள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மாமாவிடம் நான்தான் சொன்னேன். அவர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். “நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு” என்றார். மறுநாள் மூன்று பேரும் கிளம்பினோம்.

சிதம்பரத்தில் கம்பெனியின் ஷெட் பைபாஸ் பக்கம் இருந்தது. மேனேஜர் மணவாளன் எங்களுக்கு டீ சொன்னார். டீ சொல்கிறார் என்றால் எதையோ மறுக்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது.

“பூஜை போட்டது தப்புன்னு நாங்க சொல்லலம்மா. சாவி போட்டீங்களான்னுதான் கேக்கறோம்.”

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. லைட்டு மட்டுந்தான் போட்டேன். அணைக்க மறந்துட்டேன்” என்றார் அத்தை.

மேனேஜர் மாமா பக்கம் திரும்பிச் சிரித்தார். “பாத்தீங்களா சார், பேட்டரிய உங்க வீட்டுலயே முடிச்சிட்டாங்க.”

“அதத்தான் சார் நாங்களும் சொல்றோம்” என்று ரோஸ் காகிதத்தை மேசையில் வைத்தேன். “பேட்டரி முடிஞ்ச வண்டிய நீங்கதான் ஜம்ப் ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க.”

அவர் படித்தார். “காலையில பேட்டரி நல்லா இருந்தப்பவே இவங்க போட்டிருக்கலாமே.”

அத்தை எழுந்து நின்றார். ஷெட் வாசலில் ஒரு வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்த இளைஞரைக் காட்டினார். “காலையில ஒரு சத்தமும் இல்லீங்க. அதோ அந்தத் தம்பி ஒயர் மாட்டுனப்பதான் கடக்குன்னுச்சு. அவரையே கேளுங்க.”

அவர் பெயர் ராஜ்கமல். கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தலை நிமிரவில்லை.

“அக்கா சொல்றது சரிதான் சார். எனக்கு வந்த மெசேஜ்ல வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு மட்டும்தான் இருந்துச்சு. தண்ணி பூந்ததுன்னு யாரும் போடல. தெருவுலயும் தண்ணி வடிஞ்சிருந்துச்சு. அன்னிக்கு அது எனக்கு ஒம்பதாவது வண்டி. பேட்டரி டெட்டுன்னா மொதல்ல ஜம்ப் குடுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க.”

“உன்ன யாருடா கேட்டா இவ்ளோ?” என்றார் மேனேஜர்.

மாமா தன் போனை நீட்டினார். வண்டியைப் பதிவு செய்த அன்று கம்பெனியே அனுப்பிய எஸ்எம்எஸ். நீர் புகுந்த வாகனம், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். “எனக்குச் சொன்னீங்க. உங்க ஆளுக்குச் சொல்லல” என்றார்.

மேனேஜர் உள்ளே போய் யார் யாரோடோ பேசினார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கடிதத்தோடு வந்தார். நல்லெண்ண அடிப்படையில் எஞ்சினைக் கம்பெனி செலவிலேயே சரிசெய்து தருவதாக அதில் இருந்தது.

“நல்லெண்ணம்னா இன்னா மாமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“தப்பு பண்ணேன்னு சொல்லாம தப்ப ஒத்துக்கறது.”

அவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது அத்தை அவர் முழங்கையைத் தொட்டார். “இருங்க. மொத ரிப்போர்ட்ல வீட்டுல இருக்கறவங்க செஞ்ச தப்புன்னு எழுதியிருக்கே, அத அடிக்கச் சொல்லுங்க. அடிச்சாத்தான் போடணும்.”

“வண்டிதான் கிடைக்குதேம்மா” என்றார் மேனேஜர்.

“வண்டி அவருக்குங்க. அந்த வரி எனக்கு.”

மாமா பேனாவை மூடி மேசையில் வைத்தார். மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். அந்த வரி இல்லாத புது ரிப்போர்ட் வர மதியம் ஆகிவிட்டது. கிளம்பும்போது அத்தை, “அந்தத் தம்பி மேல எதையும் போடாதீங்க” என்றார். மேனேஜர் சரி என்றார். அதை நான் இன்னும் நம்பவில்லை. இரண்டு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவந்து விட்டது வேறு ஆள். ராஜ்கமலைப் பற்றிக் கேட்டதற்கு, லீவு என்றார்.

மாமா அத்தையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வண்டி வந்த அன்று சட்டைப்பையில் இருந்த மாற்றுச்சாவியை எடுத்து, அத்தை பார்க்கும்போதே அதே ஆணியில் மாட்டினார்.

“லைட்டு எந்தப் பக்கம் திருகுனா அணையும்னு தெரியும்ல?” என்றார்.

“அணைக்கவும் தெரியும், மறக்கவும் தெரியும்” என்றார் அத்தை. அன்று இரண்டு பேருமே சிரித்தார்கள்.

அடுத்த மழை வருவதற்குள் இதை வண்டி வைத்திருக்கிற யாருக்காவது சொல்லுங்கள். தண்ணீர் புகுந்த வண்டி என்றால், ஏற்ற வருகிற ஆளிடமும் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொடுக்கிற காகிதத்தை அங்கேயே படிக்க வேண்டும். அதோடு, எது நடந்தாலும் என்னால்தான் என்று வாயை மூடிக்கொள்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். முடிந்தால் அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.