காலிவீட்டக்கா மாற்றிய பூட்டு

குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் உடனே நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? சாமான்கள் இருந்தவரை கண்ணில் படாத அழுக்கெல்லாம் லாரி கிளம்பியதும் பல்லைக் காட்டும். பீரோ நின்ற இடத்தில் சுவர் வேறு நிறமாக இருக்கும். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறைத் தண்ணீர் போகும் வாயில் முடிப்பந்து. போகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒருத்தி வந்து தேய்த்துக் கழுவ வேண்டும். அந்தப் புறநகரில் அப்படி வந்தவளுக்குக் காலிவீட்டக்கா என்று பெயர். சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லிக்கொண்டு அலையவில்லை.

அவள் வேலைக்கு ஒரு முறை உண்டு. உள்கோடி அறையில் ஆரம்பிப்பாள். விட்டத்திலிருந்து கீழே இறங்குவாள். மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி, ஸ்விட்ச் பலகை, அலமாரி மூலை எதுவும் தப்பாது. தரையைப் பின்பக்கமாக நடந்தபடியே துடைத்து வாசலுக்கு வருவாள். அவள் காலடிகூட உள்ளே மிஞ்சாது. "இங்க யாருமே இருந்ததில்லைன்னு தோணணும். அப்பதான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்பாள்.

கடைசி வேலை பூட்டு. போனவர் எத்தனை சாவி அடித்துப் பையில் வைத்திருக்கிறாரோ, யார் கண்டது? அதனால் வாசல் கதவில் பதித்திருக்கும் பூட்டைக் கழற்றி வேறு ஒன்றைப் பொருத்துவாள். புதுப் பூட்டெல்லாம் கிடையாது. இந்த வீட்டுப் பூட்டு அடுத்த தெருவுக்கு, அடுத்த தெருப் பூட்டு இன்னொரு வீட்டுக்கு. வீட்டுப் புரோக்கர் கண்டுபிடித்த சிக்கனம் அது. ஆள் கஞ்சன்தான், ஆனால் மூளைக்காரர். அந்தப் புறநகரில் மனிதர்களைப் போலவே பூட்டுகளும் வீடு மாறிக்கொண்டிருந்தன.

அவளோடு கூடவே வேலைக்கு வந்தவர் அவள் கணவர். ஆணி அடித்த ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயின்ட் பூசுவது அவர் பாடு. ஊர் வாயில் அவர் பட்டிக்காரர். காலி வீட்டில் குரல் எடுப்பாக ஒலிக்கிறது என்பதற்காகவே உச்சஸ்தாயியில் பாடுவார். "சுவருக்குக் காது இருந்தா எழுந்து ஓடிடும்" என்று அவள் சொல்லுவாள். அவர் இன்னும் சத்தமாகப் பாடுவார். அவருக்குப் பெற்றோர் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. இருவருக்கும் பிள்ளையும் இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

குற்றம் என்று சொன்னால், அவளுக்கு வேலையை வாசலோடு விட்டுவரத் தெரியாது. அவர் கடைசிக் கவளத்தை வாயில் வைப்பதற்குள் தட்டு கழுவப் போய்விடும். அவர் எழுந்த மறு நிமிஷம் தலையணை உதறப்படும். செய்தித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகழுவப் போனால், திரும்பி வரும்போது அது மடிந்து பழைய பேப்பர் கட்டில் இருக்கும். அவர் பல வருஷம் சிரித்தே சமாளித்தார். சிரிப்புக்கும் ஓர் அளவு உண்டல்லவா?

ஒரு மாலை, வேலையிலிருந்து வந்த அலுப்பில், பட்டி காயாத கையைச் சமையலறைச் சுவரில் ஊன்றிவிட்டார். ஐந்து விரலும் அப்படியே வெள்ளையாகப் பதிந்தன. அவள் ஈரத்துணியோடு வந்து நின்றாள்.

"இருக்கட்டும் விடு. நம்ம சுவர்தானே."

"யார் சுவரா இருந்தா என்ன? கறை கறைதான்."

"என் சொந்த வீட்டுலயே நான் வாடகைக்கு இருக்கிற மாதிரி இருக்குடி."

"அப்படின்னா காலி பண்ணிட்டுப் போங்க. போறப்ப சாவியை வச்சிட்டுப் போங்க."

காலி பண்ணுகிற குடித்தனக்காரர்களிடம் சொல்லிப் பழகிய வாசகம், நாக்கில் தயாராக இருந்தது. சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. இறங்கிவந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சட்டைப்பையைத் துழாவினார். பிறகு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பட்டித் தகட்டையும் இரண்டு சட்டையையும் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

வருவார் என்று சில நாள் காத்திருந்தாள். வரவில்லை. பக்கத்து நகரத்தில் ஏதோ கிடங்கு கட்டுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் புரோக்கர் சொன்னார்.  அவளுக்குப் போய்க் கூப்பிடத் தோன்றவில்லை. வீம்பில் அவளும் யாருக்கும் இளைத்தவள் இல்லை. ஒரு காலையில் வேலை வாளியைத் தன் வீட்டு உள்கோடி அறையில் கொண்டுபோய் வைத்தாள்.

காலி வீட்டுக்குச் செய்வதைப் போலவே செய்தாள். அவருடைய சீப்பு, சவரக்கத்தி, பல்துலக்கும் பிரஷ் எல்லாம் குப்பைப்பையில் போயின. துணிமணிகள் பழைய துணிக்காரரிடம் போயின. மெத்தையை வெயிலில் போட்டு அடித்தாள். குளியலறைத் தண்ணீர்வாயைத் திறந்து கம்பிவிட்டு இழுத்தாள். சுவரில் பதிந்த ஐந்து விரலைத் தேய்த்தாள், பிறகு அதன் மேல் பெயின்ட் அடித்தாள். பின்பக்கமாக நடந்து வாசலுக்கு வந்தாள். வந்த கையோடு பூட்டையும் கழற்றி வேறு பூட்டு போட்டாள். அதற்கு அவசியமே இல்லை. அவர்தான் சாவியை வைத்துவிட்டாரே. வேலை அப்படித்தான் முடியும் என்று கைக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான். கழற்றிய பூட்டு அடுத்த வாரமே சிவப்புக் கேட் வீட்டுக் கதவில் ஏறியது. அவர் விட்டுப்போன சாவியும் அந்தக் குடித்தனக்காரர் கைக்குப் போனது.

சில மாதம் கழிந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவளை, மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் படியில் நிறுத்தினாள்.

"அக்கா, மத்தியானம் ஒருத்தர் உங்க கதவுல சாவி போட்டுப் போட்டுப் பார்த்துட்டிருந்தார். திறக்கல. கொஞ்ச நேரம் படியில உட்கார்ந்திருந்துட்டுப் போயிட்டார்."

"புரோக்கர் ஆளா இருக்கும்மா. அத்தனை சாவியையும் ஒரே வளையத்துல கோர்த்துவச்சா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று முழுவதும் மூன்று குளியலறை தேய்த்த கை. அவளுக்கு அதைப் பற்றி மேற்கொண்டு நினைக்கத் தெம்பில்லை.

அந்த மாதமே கிடங்கில் தீப்பிடித்தது. உள்ளே படுத்திருந்த வேலையாட்களில் ஒருவர் வெளியே வரவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி தலை நரைத்தவர், பொறுமைசாலி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"மேஸ்திரி யார் பெயரையும் எழுதி வைக்கலம்மா. பட்டிக்காரர்னு சொல்றாங்க. ஆனா அங்க பட்டி வைக்கிறவங்க ரெண்டு பேர். ஒருத்தர் தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே கணக்கு முடிச்சிட்டுக் கிளம்பிட்டாராம். யார் போனது, யார் இருந்ததுன்னு ஒருத்தருக்கும் சரியாத் தெரியல. முகத்தை வச்சு அடையாளம் சொல்ற நிலைமையும் இல்ல. அவரோட சீப்பு, பிரஷ், துவைக்காத சட்டை, எதாவது கொடுங்க. பரிசோதனை பண்ணிடலாம். ரத்த சொந்தம் யாராவது இருந்தாலும் போதும்."

ரத்த சொந்தம் யாருமில்லை. அவள் தேடத் தொடங்கினாள். கட்டில் காலுக்கடியில், அலமாரி இடுக்கில், கதவுக் கீலில், மெத்தைத் தையலில், தண்ணீர்வாய்க்குள். முடி எங்கெங்கே ஒளியும் என்று அவளுக்கு அத்துப்படி. அதனால்தான் எங்கேயும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு முடி கிடைத்தால்கூட அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஊரார் வீட்டில் எல்லாம் மற்றவர்களின் முடியை வாரிக் கொட்டியவளுக்குத் தன் வீட்டில் அந்த ஒன்று இல்லை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். "இந்த வீட்டைப் பார்த்தா ஓர் ஆம்பிளை குடியிருந்த மாதிரியே இல்லையேம்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. வேறு வீடாக இருந்திருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். அதற்குள் கருகிப்போன ஒரு சாவி. "இடுப்புக்கிட்ட கிடைச்சது. இது உங்க வீட்டுதா பாருங்க."

அவள் வாங்கக் கை நீட்டவில்லை. அவரே வாசலுக்குப் போய்ச் சாவியைப் பூட்டில் நுழைத்தார். திருகினார். திரும்பவில்லை. இன்னொரு முறை திருகினார். அவர் முகம் தெளிந்தது.

"பொருந்தல. அப்போ இது அவர் இல்லம்மா. கிளம்பிப்போன ஆள்தான் உங்க வீட்டுக்காரரா இருக்கும். கவலைப்படாதீங்க."

அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பார். அவளும், எங்கோ ஒரு காலி வீட்டில் அவர் கத்திப் பாடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக் காலம் தள்ளியிருப்பாள். அப்படி இருந்துவிடத்தான் அவளுக்கும் ஆசை. அதிகாரி ஒரு செருப்பை மாட்டி, அடுத்ததைத் தேடினார்.

"சார்," என்றாள். "அது பழைய பூட்டு இல்ல. நான் மாத்திட்டேன்."

சிவப்புக் கேட் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கதவைத் திறந்த பெண்ணின் இடுப்பில் குழந்தை. அதிகாரி விஷயத்தைச் சொன்னதும் அவள் பதறிப்போய்க் கதவை விரியத் திறந்து ஒதுங்கினாள். "சாத்திட்டு உள்ளருந்து தாழ் போடாம நில்லும்மா" என்றார் அதிகாரி. கதவு மூடி, பூட்டு விழும் சத்தம் கேட்டது. இந்த முறை சாவியைக் காலிவீட்டக்காவே வாங்கிக்கொண்டாள்.

சாவி வழுக்கிக்கொண்டு போனது. திரும்பியது. கதவு திறந்தது. உள்ளே யாரோ ஒருவருடைய கூடம், சுவரோரம் யாரோ ஒருவருடைய செருப்பு, தரையில் சிதறிய பொம்மைகள்.

மேசைமேல் ஒரு சாவியை வைத்துவிட்டு இடுப்பில் இன்னொன்றைக் கொண்டு போயிருக்கிறார். காலி பண்ணுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆயிரம் வீட்டில் அதற்காகவே பூட்டு மாற்றியவளுக்குச் சொந்தப் புருஷன் விஷயத்தில் அது தோன்றவே இல்லை.

"அன்னைக்குப் படியில உட்கார்ந்திருந்தது அவர்தான் சார்" என்றாள். "வீட்டுக்கு வந்திருக்கார். நான்தான் திறக்க முடியாம பண்ணிட்டேன்."  அதிகாரி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். குழந்தைக்காரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பூட்டை மாத்திடலாமா?"

"மாத்திடலாம்மா," என்றாள் அவள். "அந்தப் பூட்டு எனக்கே வேணும்."

சடங்கும் விசாரணையும் முடிந்த பிறகு ஒருநாள், மாடிவீட்டுப் பெண் இறங்கி வரும்போது காலிவீட்டக்கா வாசலில் உட்கார்ந்து திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல பூட்டு கழற்றிக் கீழே கிடந்தது. கதவில் ஏறியிருந்தது சிவப்புக் கேட் வீட்டிலிருந்து திரும்பி வந்த பழைய, பட்டி ஒட்டிய பூட்டு. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"எதுக்குக்கா இந்தப் பழசு?"

"அவர்கிட்ட இதுக்குத்தான் சாவி இருக்கு" என்றாள்.